கறுப்புச் சர்க்கரையும் களி உருண்டையும்

உடுமலைப்பேட்டையைக் கடந்து சிறிது தொலைவு செல்வதற்குள்ளேயே எங்கள் பயணத்தின் முதற்பிழை நேர்ந்துவிட்டது. ‘அசல் மறையூர் வெல்லம்’ என்ற பலகையைக் கண்டு, சாலையோரக் கடையொன்றின் முன் வண்டியை நிறுத்தினோம். பொன்னிறத்தில் பளபளத்த உருண்டைகள் கூடைகூடையாக அடுக்கப்பட்டிருந்தன. பார்வைக்கு அழகாக இருந்ததால் இரண்டு கிலோ வாங்கிக்கொண்டோம். ஓர் ஊருக்குப் போய்ச் சேரும் முன்பே அவ்வூரின் பொருளை வாங்கிவிட்டோமே என்ற எண்ணம் எங்களில் எவருக்கும் எழவில்லை.

புறப்படும்போதே நாங்கள் ஓர் உடன்பாடு செய்துகொண்டிருந்தோம். இம்முறை இட்லியும் பரோட்டாவும் தேடி அலைவதில்லை. வீட்டில் உண்ணாத எதையேனும் நாளுக்கு ஒரு முறையாவது உண்டு பார்ப்பது. பன்னிரண்டு வயது மகனுக்கு இதில் பாதி உற்சாகம், பாதி அச்சம். எழுபதைக் கடந்த பெரியம்மாவோ, “நான் பார்க்காத சாப்பாடா?” என்று சொல்லிவிட்டுத் தன் பையில் எலுமிச்சை ஊறுகாய் புட்டியொன்றை முன்னெச்சரிக்கையாக வைத்துக்கொண்டார்.

அமராவதி அணைக்குப் பிரியும் சாலையை விட்டு மலைப்பாதையில் ஏறினால், ஒன்பதாறு சோதனைச்சாவடிக்கு அப்பால் தமிழ்நாட்டு எல்லை முடிந்து கேரளத்தின் சின்னாறு வனவிலங்குச் சரணாலயம் தொடங்குகிறது. கேரளம் என்றவுடன் மனத்தில் தோன்றும் பசுமையும் இடைவிடாத மழையும் இங்கே இல்லை. மேற்குமலையின் மழைமறைவுப் பகுதி இது. முட்புதரும் கள்ளியும் உலர்ந்த புல்லுமாக, நம் கொங்குநாட்டுக் கரட்டுக் காட்டின் தொடர்ச்சியைப் போலவே காட்சியளிக்கிறது. 1984ஆம் ஆண்டில் சரணாலயமாக அறிவிக்கப்பட்ட இக்காட்டின் பரப்பு ஏறத்தாழ 90 சதுர கிலோமீட்டர். சாம்பல் நிற மலையணிலும் நட்சத்திர ஆமையும் இதன் புகழ்பெற்ற குடிகள். இரண்டையுமே நாங்கள் காணவில்லை. யானைச் சாணத்தை மட்டும் நிறையவே கண்டோம்.

காடு முடிந்து மேலேறியதும் நிலம் திடீரென விரிகிறது. பாம்பாற்றுப் பள்ளத்தாக்கின் சரிவுகளில் கரும்புத் தோட்டங்கள். அவற்றுக்கு அப்பால் வேலியிட்டுக் காக்கப்படும் சந்தனக் காடு. கேரளத்தில் கிழக்கு நோக்கிப் பாயும் ஆறுகள் மூன்றே: கபினி, பவானி, பாம்பாறு. மறையூர்க் கரும்பை நனைத்த பாம்பாறு, இறங்கிவந்து அமராவதியில் கலந்து, நம் உடுமலை வயல்களுக்குப் பாய்கிறது. தண்ணீர் எல்லை பார்ப்பதில்லை, மொழியும் அப்படியே. மறையூர், காந்தளூர், கீழாந்தூர், காரையூர், கொட்டகுடி ஆகிய ஐந்து ஊர்களையும் சேர்த்து அஞ்சுநாடு என்பர். தம் முன்னோர் மதுரைப் பக்கத்திலிருந்து மலையேறி வந்தவர்கள் என்று கூறும் தமிழ்க் குடும்பங்கள் இங்கே பல தலைமுறைகளாக வாழ்கின்றன. கடைத்தெருவில் மலையாளமும் தமிழும் ஒரே வாக்கியத்துக்குள் கைகோத்து நடக்கின்றன.

ஊருக்குள் நுழைந்ததும் நாங்கள் தேடிச் சென்றது கரும்பாலையைத்தான். தேட வேண்டிய தேவையே இருக்கவில்லை; வாசனை வழிகாட்டியது. தென்னங்கீற்றும் தகரமும் வேய்ந்த கொட்டகை. ஒருபுறம் கரும்பு அரைபடுகிறது. மறுபுறம் நிலத்தில் தோண்டிய பெரிய அடுப்பின்மேல், ஒரு சிறிய அறையளவு அகன்ற கொப்பரை. உலர்ந்த கரும்புச் சக்கையே எரிபொருள். சாறு கொதித்து நுரைக்கும்போது சிறிது சுண்ணாம்பு சேர்க்கின்றனர். அழுக்கு மேலே திரண்டு வர, நீண்ட கரண்டியால் வழித்து எறிகின்றனர். மணிக்கணக்கில் கொதித்த பிறகு சாறு பாகாகிறது. குமிழிகள் முதலில் சிறியனவாகவும் வேகமாகவும் எழுந்து, பின்னர்ப் பெரியனவாகி, சோம்பலுடன் வெடிக்கத் தொடங்குகின்றன. பாகு பதம் காண்பவர் ஒரு துளியைத் தண்ணீரில் விட்டு, விரல்களுக்கிடையே உருட்டிப் பார்த்துத் தலையசைத்தார். அவ்வளவுதான், நான்கு பேர் கொப்பரையைத் தூக்கி மரத்தொட்டியில் சாய்த்தனர். ஆறத் தொடங்கியதும் கையால் அள்ளி அள்ளி உருண்டை பிடித்தனர். அச்சு கிடையாது. ஒவ்வோர் உருண்டையிலும் பிடித்தவரின் விரல் தடம் பதிந்திருக்கிறது.

நிறமோ, கரும்பழுப்பு. காப்பிக்கொட்டையின் நிறம் என்று சொல்லலாம். மகன் ஓடிச்சென்று வண்டியிலிருந்த எங்கள் பொன்னிற உருண்டையைக் கொண்டுவந்தான். ஆலைக்காரர் அதை வாங்கி முகர்ந்தார், ஒரு துண்டை ஒடித்து நாவில் வைத்தார், பிறகு மிகுந்த நாகரிகத்துடன், “இனிப்பாத்தான் இருக்கு. ஆனா இது எங்க ஊருதில்லீங்க” என்றார். சுற்றி நின்றவர்கள் சிரிப்பை அடக்கிக்கொண்டதை நாங்கள் கவனிக்காததுபோல் இருந்துவிட்டோம்.

வெல்லத்தை வெளுக்கச் செய்வதற்கென்றே வேதிப்பொருள் சேர்க்கும் வழக்கம் பல இடங்களில் உண்டு. வாங்குவோரின் கண் மஞ்சளை விரும்புகிறது; விற்போர் மஞ்சளைத் தருகின்றனர். அதைவிட மறையூர்க்காரர்களை வருத்துவது வேறொன்று. வெளியூர்களில் மலிவாகச் செய்த வெல்லம், மறையூர் என்ற பெயரைச் சூட்டிக்கொண்டு, மறையூருக்கு வரும் வழியிலேயே விற்கப்படுகிறது. நாங்கள் வாங்கிய இரண்டு கிலோவும் அந்தக் கணக்கில் சேர்ந்துவிட்டது.

இதற்கு மருந்தாகத்தான் 2019ஆம் ஆண்டில் மறையூர்ச் சர்க்கரைக்குப் புவிசார் குறியீடு வழங்கப்பட்டது. ஒரு பொருளின் தன்மை அது விளையும் மண்ணோடும் செய்யும் கைகளோடும் பிணைந்திருந்தால், அப்பெயரை அவ்வூரார் தவிர வேறெவரும் பயன்படுத்தக் கூடாது என்பதே அதன் சாரம். இதற்கான சட்டம் 1999இல் இயற்றப்பட்டு, 2003 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்தது. 2004இல் முதலில் பதிவு பெற்றது டார்ஜீலிங் தேயிலை. நாடு முழுமைக்குமான பதிவகம் நம் சென்னையில், கிண்டியில்தான் இயங்குகிறது. மறையூர்ச் சர்க்கரை பதிவான அதே 2019இல் பழனிப் பஞ்சாமிர்தமும் பதிவு பெற்றது என்பதைப் பெரியம்மாவிடம் சொன்னபோது, “பழனி முருகனுக்கே பட்டயம் வேண்டியிருக்கா?” என்று வியந்தார்.

பெயரைப் பற்றிப் பேசும்போது இன்னொன்றையும் சொல்ல வேண்டும். மறையூரில் எவரும் இதை வெல்லம் என்பதில்லை, சர்க்கரை என்கின்றனர். மலையாளத்தில் வெல்லத்துக்கு அதுவே பெயர். வெள்ளைச் சர்க்கரைக்குப் ‘பஞ்சசார’ என்ற வேறு சொல் இருக்கிறது. கடையில் “சர்க்கரை இருக்கிறதா?” என்று மகன் காப்பிக்காகக் கேட்டபோது, கறுத்த உருண்டையொன்று வந்து நின்றதில் சிறு குழப்பம் ஏற்பட்டது. ஆனால் தமிழிலும் பழைய பொருள் அதுதான். சர்க்கரைப் பொங்கலை நாம் எதைக்கொண்டு செய்கிறோம்? வெல்லத்தைக்கொண்டுதானே! ஆலையில்லா ஊருக்கு இலுப்பைப்பூ சர்க்கரை என்ற பழமொழியில் வரும் சர்க்கரையும் ஆலையில் காய்ச்சிய இந்தக் கறுப்பனே. பிற்காலத்தில் வெள்ளைச் சர்க்கரை வந்து பெயரைப் பறித்துக்கொள்ள, பழைய உரிமையாளர் வெல்லம் என்ற பெயரோடு ஒதுங்கிக்கொண்டார். இதே சொல்தான் போர்ச்சுகீசியர் வாயில் ‘ஜாகரா’ ஆகி, ஆங்கிலத்தில் ‘ஜாகரி’ ஆயிற்று.

மரத்தொட்டியின் ஓரத்தில் ஒட்டியிருந்த இளஞ்சூட்டுப் பாகை வாழையிலைக் கிழிசலில் வழித்து எங்களுக்குத் தந்தனர். அதன் சுவையை எழுதுவது எளிதன்று. முதலில் இனிப்பு, அதன் பின்னே மெல்லிய உப்பு, அதற்கும் பின்னே புகையும் மண்ணும் கலந்த ஏதோ ஒன்று. எங்கள் பொன்னிற உருண்டை இதன் அருகில் வெறும் இனிப்பாகத் தோன்றியது. பெரியம்மா சர்க்கரை நோய்க்கு மாத்திரை உண்பவர். விரல் நுனியளவு மட்டும் நாவில் வைத்துக் கண்களை மூடிக்கொண்டார். (வெல்லம் என்பதால் நீரிழிவுக்காரர்கள் அஞ்சாமல் உண்ணலாம் என்று எண்ணுவது தவறு. அதிலும் பெரும்பகுதி அதே இனிப்புத்தான்.)

இவ்வளவு சுவையான பொருளைச் செய்பவர் மகிழ்ச்சியோடு இருப்பார் என்று எண்ணியிருந்தோம். ஆலைக்காரரின் பேச்சு அப்படி இல்லை. கரும்பு வெட்டும் கூலியும் காய்ச்சும் கூலியும் ஏறிவிட்டன. ஆள் கிடைப்பதும் அரிதாகிவிட்டது. காட்டுப்பன்றியும் யானையும் தமக்குரிய பங்கை முதலில் எடுத்துக்கொள்கின்றன. இரவு முழுவதும் காவல் காத்து, பகல் முழுவதும் அடுப்பெரித்துச் செய்த உருண்டைக்கு, போலி உருண்டையின் விலையே கிடைக்கிறது. சிலர் கரும்பை அழித்துக் காய்கறிக்கு மாறிவிட்டனர். சிலர் நிலத்தை விடுதி கட்டக் கொடுத்துவிட்டனர். “சர்டிபிகேட் வந்துச்சு, நல்லதுதான். ஆனா வாங்கறவங்களுக்குத் தெரியணுமே?” என்றார். வாங்கிய இருவர் எதிரிலேயே அமர்ந்திருந்ததால் எங்களிடம் மறுமொழி ஏதும் இல்லை. இந்த ஆண்டு புதுக் கரும்பு நடுவீர்களா என்று கேட்டோம். அவர் அடுப்பைப் பார்த்தார். “பார்க்கலாம்” என்பதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை.

மறுநாள் சின்னாற்றுக் காட்டில் வனத்துறை ஏற்பாட்டின்படி நடைப்பயணம் சென்றோம். வழிகாட்டியாக வந்தவர் முதுவர் குடியைச் சேர்ந்த நடுவயதினர். மதுரையிலிருந்து தம் தெய்வத்தை முதுகில் சுமந்து மலையேறியதால் முதுவர் ஆனோம் என்பது அம்மக்கள் வழிவழியாகச் சொல்லிவரும் கதை. அவர் பேசிய தமிழ் எங்கள் தமிழைவிடப் பழையதாக ஒலித்தது. சில சொற்கள் எங்களுக்குப் புரியவில்லை, பெரியம்மாவுக்குப் புரிந்தன.

நண்பகலில் ஆற்றோரப் பாறையில் அமர்ந்தோம். விடுதியில் கட்டிக்கொடுத்த எலுமிச்சைச் சோற்றை நாங்கள் பிரித்தோம். வழிகாட்டியோ ஒரு தூக்குப்பாத்திரத்தைத் திறந்து, இலையில் பொதிந்திருந்த கரிய உருண்டையொன்றை எடுத்தார். ஆலையில் கண்ட சர்க்கரை உருண்டையே மீண்டும் வந்துவிட்டது என்று எண்ணி மகன் கை நீட்டினான். அது கேழ்வரகுக் களி. “எங்க பக்கம் கட்டின்னு சொல்லுவோம். சாப்பிடுதியா தம்பி?” என்று கேட்டு, உருண்டையைப் பாதியாகப் பிட்டு, இலையோடு அவன் கையில் வைத்தார். தொட்டுக்கொள்ளக் காட்டுக்கீரைக் கடைசல்.

வெளியூர் உணவை உண்டு பார்ப்பது பற்றிப் பெருமையாகப் பேசுவது வேறு. ஒரு மனிதர் தம் ஒரு வேளை உணவில் பாதியைப் பிட்டுத் தரும்போது அதை எப்படி ஏற்பது என்பது வேறு. நாங்கள் தயங்கினோம். வேண்டாம் என்றால் அவமதிப்பு. வாங்கினால் அவருக்கு அரைவயிறு. மகன் இவற்றையெல்லாம் எண்ணவில்லை. ஒரு துண்டைக் கிள்ளி வாயிலிட்டு மென்றான். களி பற்களில் ஒட்டிக்கொண்டது. முகம் சுளித்தான், துப்பவும் இயலாமல் விழுங்கவும் இயலாமல் எங்களைப் பார்த்தான். எங்கள் முகங்கள் சிவந்துவிட்டன.

பெரியம்மா பாறையிலிருந்து மெல்ல இறங்கி வந்து அவன் அருகே அமர்ந்தார். “கண்ணு, களியை மெல்லக் கூடாது. இப்படிக் கிள்ளு, உருட்டு, கீரையில தோய், நேரா உள்ளே விடு” என்று தாமே செய்து காட்டினார். அவர் விரல்கள் களியைக் கிள்ளிய விதத்திலேயே வழிகாட்டியின் முகம் மாறிவிட்டது. “அம்மா எந்த ஊரு?” என்றார். பென்னாகரம் பக்கம் என்று பெரியம்மா சொன்னார். அடுத்த அரை மணி நேரம் இருவரும் கேழ்வரகைப் பற்றிப் பேசினர், எங்களை மறந்துவிட்டனர். தருமபுரி மாவட்டத்தில் அவருடைய இளமை முழுவதும் களியிலேயே கழிந்ததையும், மணமாகிச் சென்னைக்கு வந்த பிறகு ‘களி தின்கிறவர்கள்’ என்ற ஏளனத்துக்கு அஞ்சி, ஐம்பது ஆண்டுகளாக அதை வீட்டில் கிண்டவே இல்லை என்பதையும், நாங்கள் அப்போதுதான் அறிந்தோம். எங்கள் வீட்டில் உண்ணாத உணவைத் தேடி நாங்கள் மலையேறி வந்திருந்தோம்.

எலுமிச்சைச் சோறு வழிகாட்டியின் இலைக்குச் சென்றது; ஊறுகாய்ப் புட்டியும் அவ்வழியே சென்று, திரும்பி வரவில்லை.

அவர் சொன்ன மற்றொரு செய்தியையும் இங்கே பதிவு செய்ய விரும்புகிறோம். நியாயவிலைக் கடை அரிசி மலைக்கு வந்த பிறகு, முதுவர் குடிகளில் கேழ்வரகு விதைப்பது குறைந்துபோயிற்று. விதைக்காத விதை சில ஆண்டுகளில் முளைக்கும் திறனை இழந்துவிடும். அத்துடன் அந்த வகையே இல்லாமற் போய்விடும். இதை உணர்ந்து, சரணாலயத்துக்குள் உள்ள தாயண்ணன்குடியில், வழக்கொழிந்த கேழ்வரகு வகைகளைத் தேடிச் சேர்த்து மீண்டும் விதைக்கும் ‘புனர்ஜீவனம்’ என்ற முயற்சியைக் குடிமக்களும் அரசுத் துறைகளும் சேர்ந்து நடத்தினர். 2023ஆம் ஆண்டை ஐக்கிய நாடுகள் அவை பன்னாட்டுச் சிறுதானிய ஆண்டாக அறிவித்தபோது நகரத்து உணவகங்களில் ராகி பீட்சா கிடைத்தது. அதற்கு முன்பே இம்மலையில் யாரோ சிலர் கைப்பிடி விதைக்காகக் குடிகுடியாக அலைந்திருக்கின்றனர்.

கேழ்வரகும் இம்மண்ணில் தோன்றியதன்று. கிழக்கு ஆப்பிரிக்க மேட்டுநிலங்களில் முதலில் பயிரிடப்பட்டு, பல்லாயிரம் ஆண்டுகளுக்கு முன் இங்கே வந்த விருந்தாளி அது. கரும்பின் மூதாதை நியூகினித் தீவைச் சேர்ந்தது. எது விசித்திர உணவு, எது நம் உணவு என்பதெல்லாம் எவ்வளவு காலம் ஒன்றாக வாழ்ந்தோம் என்பதைப் பொறுத்ததே போலும்.

காந்தளூரில் கழித்த மூன்றாம் நாளைச் சுருக்கமாகவே சொல்லிவிடலாம். மறையூருக்கு மேலே உள்ள குளிர்ந்த சிற்றூர். ஆப்பிள் விளைவதாலும், 2023இல் நாட்டின் சிறந்த சுற்றுலாச் சிற்றூர்களுள் ஒன்றாகத் தங்க விருது பெற்றதாலும், சாலையில் வண்டிகள் நெரிகின்றன. அங்கே மகன் கண்டுபிடித்தது மரத்தக்காளி. முட்டை வடிவில், செந்நிறத்தில், தக்காளியும் கொய்யாவும் சேர்ந்து பெற்ற பிள்ளையைப் போன்ற பழம். தோல் கசக்கும், இரண்டாக வெட்டிக் கரண்டியால் தோண்டி உண்ண வேண்டும். தென்னமெரிக்காவின் ஆண்டிஸ் மலையிலிருந்து வந்த இப்பழத்தை, நியூசிலாந்து வணிகர்கள் தக்காளியிலிருந்து வேறுபடுத்திக் காட்ட, 1967இல் ‘டாமரில்லோ’ என்று புதுப்பெயர் சூட்டி உலகெங்கும் விற்றனர். காந்தளூர்ப் பாட்டியோ அதைச் சுட்டு, பூண்டும் மிளகாயும் வைத்து அரைத்துத் துவையலாக்கித் தந்தார். பூண்டும் சாதாரணமானதன்று, புவிசார் குறியீடு பெற்ற காந்தளூர் – வட்டவடைப் பூண்டு. பல் சிறிது, காரம் பெரிது. துவையலை உண்டுவிட்டு நெடுநேரம் எவரோடும் நெருங்கி நின்று பேச இயலாது என்பது தவிர வேறு குறையில்லை.

திரும்பும் வழியில் ஆலைக்குச் சென்று ஐந்து கிலோ கறுப்புச் சர்க்கரை வாங்கினோம். அதில் ஒரு கிலோ, சுக்கும் ஏலமும் சேர்த்துப் பிடித்தது. கொட்டகைத் தூணில் ஒட்டியிருந்த அட்டையைக் கைப்பேசியில் படம்பிடித்துப் பணம் செலுத்தினோம். நடுவே தரகர் எவருமின்றி, முழுத்தொகையும் அடுப்பெரித்தவரின் கணக்குக்கே சென்றது. விலை, சாலையோரக் கடையைவிடச் சற்றே கூடுதல். பேரம் பேச எங்களுக்கு வாய் வரவில்லை. காற்றுப் புகாத பாத்திரத்தில் வைக்குமாறும், மழைக்காலத்தில் சிறிது கசிந்தால் கெட்டுவிட்டதென எண்ணி எறிந்துவிட வேண்டாமென்றும் ஆலைக்காரர் அறிவுறுத்தினார். பொன்னிற உருண்டைகளை என்ன செய்வது என்று கேட்டோம். “மாட்டுக்குப் பொங்கல் வைங்க” என்றார். பிறகு, “மாடும் பாவந்தான்” என்று சேர்த்துக்கொண்டார்.

வீடு திரும்பிய ஞாயிற்றுக்கிழமை பெரியம்மா களி கிண்டினார். களிக்கோல் இல்லை, தோசைத் திருப்பியால் கிண்டியதில் கட்டி கட்டியாகத் திரண்டுவிட்டது. அதையும் மகன் மெல்லாமல் விழுங்கினான். பென்னாகரத்து உறவினர் ஒருவரிடம் களிக்கோலுக்குச் சொல்லியனுப்பியிருக்கிறோம்.

பொங்கலுக்கு வாழ்த்துச் சொல்ல ஆலைக்காரரைத் தொலைபேசியில் அழைத்தோம். எங்கள் வீட்டுச் சர்க்கரைப் பொங்கல் இவ்வாண்டு கறுத்துப்போனதைக் கேட்டுச் சிரித்தார். கரும்பு என்னவாயிற்று என்றோம். மேல் தோட்டத்தில் பீன்ஸ் போட்டுவிட்டாராம். ஆற்றோரத் தோட்டத்தில் மட்டும் வெட்டிய கட்டையை அப்படியே மறுதாம்புக்கு விட்டிருக்கிறாராம். முளை நன்றாக வந்திருக்கிறது, யானை இன்னும் வரவில்லை என்றார்.